அக்கா கடைப் புள்ளிகள்

வியாபாரத்தை டிவியில் பார்க்கலாம் என்று மச்சினன் சொன்னபோது, "பாட்டும் போடுமா?" என்று கேட்டேன். என் மனைவியின் தம்பி அவன், கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. சிரித்துக்கொண்டே என் பேக்கரியின் மாடி அறையில் ஒரு பெரிய திரையை மாட்டிவிட்டான்.

எங்களுக்கு இரண்டு கடைகள். பெரியது என்னுடையது. பஸ் நிலையத்தில் இருக்கும் சின்னக் கடையை அக்கா பார்க்கிறாள். பன், பிஸ்கட் தவிர அங்கே எதுவும் நகராது. வாடகை ஒப்பந்தம் முடிந்ததும், "மூடிடு, நஷ்டம்" என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது உறுத்தியது. உறுத்தினால் எனக்குக் கோபம்தான் வரும்.

திரையில் இரண்டு பட்டைகள் எழுந்தன. என்னுடையது கூரையைத் தொட்டது. அக்காவுடையது தரையோடு கிடந்தது.

"பாத்தியா மாப்ளே! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் சொன்னா யாரு கேக்குறா?"

"எவ்வளவு வித்துச்சுன்னு கேட்டா அதைத்தான் மாமா சொல்லும். உங்க கடைக்கு வர்றவங்க முதல்ல எங்க வந்தாங்கன்னு கேட்டுப் பாக்கலாமா?"

இரண்டு கடையிலும் பில் போடும்போது போன் நம்பர் வாங்குவோம். சும்மா கிடந்த அந்த நம்பர்களையெல்லாம் அவன் ஊர் வரைபடத்தில் புள்ளிகளாக இறக்கியிருந்தான். ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி. பட்டனை அழுத்தினான்.

அடேயப்பா! பஸ் நிலையத்திலிருந்து புள்ளிகள் கிளம்பின. வெல்லத்தைக் கண்ட எறும்புபோல, சாரிசாரியாக என் கடைக்கு வந்துகொண்டே இருந்தன. ஒரு புள்ளியைத் தொட்டேன். முதலில் அக்கா கடையில் பன், மறுபடியும் பன், பிறகு என்னிடம் கல்யாணக் கேக். அந்த மனிதரை எனக்குத் தெரியும். என் கைப்பக்குவத்தைக் கேள்விப்பட்டு வந்தவர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு மாதம் மட்டும் புள்ளிகள் வற்றிக் கிடந்தன.

"அப்ப என்ன மாமா பண்ணீங்க?"

என்ன பண்ணினேனா? கேக்கைச் சதுரமாக வெட்டும்போது மிஞ்சும் ஓரங்களை அக்கா கடைக்கு அனுப்புவோம். பன் வாங்குகிறவர்களுக்கு அவள் ஒரு துண்டு சும்மா கொடுத்து, "சாப்பிட்டுப் பாருங்க, என் தம்பி செஞ்சது" என்பாள். ஓசியில் கொடுத்தால் கடை உருப்படுமா என்று கத்தி, அந்த மாதம் ஓரங்களை நிறுத்தியிருந்தேன். யாரும் எழுதி வைக்காத சண்டை அது. இந்தத் திரைக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கோயிலில் நிற்பதுபோலச் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டேன்.

அதற்குள் புள்ளிகள் திடீரென்று மொய்க்க ஆரம்பித்தன.

"இது எந்த மாசம்?"

"மாசமா? இது இப்ப நடக்குது மாமா. கீழே பில் போடப் போட இங்க ஏறுது."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் கடை வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கடை முன்னாடிதான்டா நிக்கிறேன். சாவி வாங்க ஓனர் வந்துக்கிட்டிருக்கார். வர்றவங்க மூடின ஷட்டரைப் பாத்துட்டு வெறுங்கையோட திரும்பக் கூடாதுல்ல? உன் கடைக்கு வழி சொல்லி அனுப்புறேன். வந்தாங்களா?"

"வந்தாங்கக்கா. சாவியைக் குடுத்துடாதே."

"ஏன்டா? நஷ்டம்னு நீதானே சொன்ன?"

"எனக்குக் கணக்குத் தெரியலக்கா. உன் கடைதான் என் கடைக்கே வாசல். வாசலை அடைச்சிட்டு உள்ள உக்காந்து என்ன பண்ணப் போறேன்?"

பஸ் சத்தத்துக்கு நடுவே அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப நீயே வந்து ஷட்டரைத் தூக்கு. என்னால முடியாது, பாரமா இருக்கு."

செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கி ஓடினேன்.