பலகைக்காரனும் இரும்புக்காரனும்

எண்ணெய்க்கோலை உருவி மூக்கருகில் பிடித்ததுமே ஸெய்னுதீனுக்கு விளங்கிவிட்டது. எண்ணெய் மணக்கவில்லை, பெற்றோல் மணந்தது. பம்புக்குள் இருக்கிற ரப்பர் சீலை கிழிந்து, இயந்திரத்தின் வாய்க்குப் போகவேண்டிய பெற்றோல் அதன் வயிற்றுக்குள் வடிந்துகொண்டிருந்திருக்கிறது. திருகோணமலைத் துறைக்கு இன்னும் அரை மைல் இருந்தது. மூதூரிலிருந்து ஏறிய முப்பது பேரையும் அவர்களுடைய தயிர்ச்சட்டிகளையும் சுமந்துகொண்டு லோஞ்சு அலையில் சும்மா ஆடியது. துடுப்புப் போட்டுக் கரை சேர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அந்த ஒரு மணித்தியாலமும் சுக்கானைப் பிடித்திருந்த லாபிர் வாயை மூடவேயில்லை.

"மாப்பிள்ளை கொண்டுவந்த இஞ்சின் இது. மாப்பிள்ளையைப் போலத்தான். சத்தம் மட்டும் போடும், வேலை செய்யாது."

சனம் சிரித்தது. லாபிர் ஸெய்னுதீனின் மனைவி ஸல்ஹாவுக்குக் கூடப்பிறந்த மூத்தவன், அவளுடைய காக்கா. சிரிக்காமல் இருந்தால் நாளைக்கு இடம் கிடைக்காது என்று சனத்துக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன், நிக்காஹ் முடிந்த கையோடு, ஸல்ஹாவின் வாப்பா பள்ளிவாசல் ஆட்கள் முன்னால் ஒரு பேச்சுப் பேசி வைத்தார். லோஞ்சின் உடம்பு தன் மகன் லாபிருக்கு. இயந்திரம் அதைக் கொண்டுவந்த மருமகனுக்கு. பலகையில் அறைந்தது எல்லாம் பலகைக்காரனைச் சேரும், இரும்பில் பூட்டியது எல்லாம் இரும்புக்காரனைச் சேரும். மனிதர் மூன்றாம் வருடம் மௌத்தாகிவிட்டார், பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. ஸெய்னுதீன் படுத்தெழும்புகிற வீடு ஸல்ஹாவின் சீதனம். கிணறு, தென்னை, கட்டில், அலுமாரி எல்லாம் அவள் பேரில். அவனுடையது என்று கைவைத்துச் சொல்ல உலகத்தில் இருந்தது அந்த இரும்பு ஒன்றுதான். அது போதும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். போன வருடம் லாபிர் சனத்துக்கு நடுவில் வைத்து, "ஒனக்கெண்டு மேல ஒரு ஓடு இருக்காடா?" என்று கேட்டான். அன்று பின்னேரமே ஸெய்னுதீன் நாலு ஆணிகளைக் கழற்றி, நாலு பேரைப் பிடித்து, இயந்திரத்தை மூங்கிலில் தூக்கிக்கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டான். மூன்று கிழமை லோஞ்சு வயிறு மணலில் படச் சும்மா கிடந்தது. நாலாம் கிழமை லாபிர் படலையில் வந்து நின்று "மச்சான்" என்றான். அந்த ஒரு சொல்லின் ருசி இன்னும் ஸெய்னுதீனின் நாக்கில் இருந்தது. அது லாபிரின் நாக்கிலும் இருந்தது, ஆனால் வேப்பங்காயாக.

காசிநாதர் உட்துறைமுக வீதியில் ஒரு தகரக் கொட்டிலில் இயந்திரவேலை பார்ப்பவர். வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைப் பட்டறையில் நின்றவர். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்து, சைக்கிளை விட்டிறங்குமுன்பே ஆட்களைத் திட்டத் தொடங்குவார். பம்பைத் திறந்து கிழிந்த சீலையை விரலில் மாட்டி ஆட்டிக் காட்டினார்.

"இது இந்தத் தீவில எங்கயும் இல்லைத் தம்பி. வெளிநாட்டுச் சாமான் இறக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டிட்டுது. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதைப் பொறுக்கி இவ்வளவு நாளும் ஓட்டினன். இப்ப பொறுக்கவும் ஒண்டுமில்லை." பிறகு ஒரு பெட்டிக்குள் கைவிட்டு, உடைத்த கார் ஒன்றிலிருந்து எடுத்த கறண்ட் பம்பை வெளியில் எடுத்தார். "இது இருக்கு. டிக் டிக் எண்டு தானா அடிச்சு இழுக்கும். ஆனா இஞ்சினில பூட்டேலாது, சூட்டுக்குப் பெற்றோல் ஆவியாப் போயிரும். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில பலகையில அறையோணும். பற்றரியில இருந்து வயர் இழுக்கோணும். பற்றரி ஆற்றை?"

"என்ட," என்றான் லாபிர். விளக்குக்காக அவன் வாங்கிப் போட்டது.

"சுவிச் ஒண்டும் கையெட்டுற தூரத்தில வேணும். இஞ்சின் நிண்டாலும் இது அடிச்சுக்கொண்டே இருக்கும், நிப்பாட்டாட்டிப் பெற்றோல் வழிஞ்சு எல்லாரும் சாம்பல்தான்."

"சுவிச் என்ட காலடியில இருக்கட்டும் அண்ணை. சுக்கான் பிடிக்கிறவனுக்குத்தானே கை லேசு." லாபிரின் குரலில் தேன் வழிந்தது. "நானே வாங்கித் தாறன். மச்சான் ஒரு சதம் போடத் தேவையில்ல."

ஸெய்னுதீன் அந்தப் பம்பைப் பார்த்தான். கைக்கு அடக்கமான சின்னச் சாமான். பலகையில் அறைந்தால் அது பலகைக்காரனுடையது. இயந்திரத்துக்குச் சோறு ஊட்டுகிற கை லாபிரின் கை. நாளைக்கு ஒரு வாய்த்தர்க்கம் வந்தால் நாலு ஆணி கழற்ற வேண்டாம், நாலு பேர் தூக்க வேண்டாம். பெருவிரலால் ஒரு தட்டு, அத்தோடு ஸெய்னுதீனின் இரும்பு வெறும் நங்கூரம். லாபிர் சிரித்துக்கொண்டு நின்றான். சிரிக்கிற பல்லில் அவ்வளவும் தெரிந்தது.

"வேணாம். பழைய பம்புக்கே சீலை போடுவம்."

"எதில போடுறது? என்ர வேட்டியிலயோ?" என்றார் காசிநாதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல நெருக்கமா நெய்த பட்டு எண்டால் மூண்டு மடிப்பாய் வெட்டி அரக்கு வார்னிஷில ஊறவைச்சுப் பார்க்கலாம். ஒரு மாதம் ஓடுமோ, ஒரு வருசம் ஓடுமோ, நான் பொறுப்பில்லை. மற்றது சுகமான வழி தம்பி. ஏன் வீம்பு?"

ஏன் என்பதை ஸெய்னுதீன் சொல்லவில்லை. சொன்னால் கொட்டில் முழுக்கச் சிரிக்கும்.

மறுநாள் ஸல்ஹா சங்கக்கடைக் கியூவில் பாணுக்கு நின்ற நேரம் அவன் அலுமாரியைத் திறந்தான். அடித்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, ஏலக்காய் போட்டு மடித்த சிவப்புப் பட்டுக் கூறைச்சேலை இருந்தது. இது நிக்காஹுக்கு நான் கொண்டுவந்தது, இந்த வீட்டில் என் பக்கத்துச் சாமான் என்றால் இரும்புக்கு அடுத்து இதுதான் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அவளிடம் கேட்டிருந்தால் அவள் ஏதாவது பழந்துணியில் வெட்டச் சொல்லியிருப்பாள், அல்லது காக்காவின் பம்பையே பூட்டுங்கள் என்றிருப்பாள். அந்த இரண்டாவது பதிலுக்குத்தான் அவன் பயந்தான். கத்தரிக்கோலை எடுத்து, சேலையின் நடுவில், இழை நல்ல நெருக்கமாக இருந்த இடத்தில், சாசர் அளவுக்கு மூன்று வட்டம் வெட்டினான். திரும்ப மடித்து, ஏலக்காயையும் இருந்தபடியே வைத்தான்.

பட்டு வேலை செய்தது. காசிநாதரே தலையைச் சொறிந்தார். நாலு நாள் லோஞ்சு இருமாமல் ஓடியது, ஸெய்னுதீனின் முதுகும் நிமிர்ந்தது. ஆனால் லாபிர் சும்மா இருக்கிற ஆளா? கறண்ட் பம்பை முதல் நாளே தானே வாங்கி வந்து, தன் இருக்கைக்குக் கீழே பலகையில் அறைந்து, குழாய் ஒன்றும் பூட்டாமல் வயரை மட்டும் பற்றரியில் கொடுத்துவிட்டான். மூதூரில் ஏறியதிலிருந்து திருகோணமலையில் இறங்கும்வரை அது வெறும் காற்றைக் குடித்துக்கொண்டு டிக் டிக் டிக் என்று அடித்தது.

"இது என்னத்துக்கு மச்சான்?" என்றான் ஸெய்னுதீன்.

"பழகட்டும். பெண்டாட்டி சாகக் கிடந்தா அடுத்தவளைப் பேசி வைக்கிறதில்லையா?"

ஆட்டுக்கு முன்னால் கத்தி தீட்டுகிற அந்தச் சத்தம் ஸெய்னுதீனின் மண்டைக்குள் ஏறி இருந்துகொண்டது. சாப்பிடும்போதும் கேட்டது. ஸல்ஹா வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாமல் சோற்றை வைத்துவிட்டுப் போவதை அவன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவளும் லோஞ்சில் ஏறினாள். மடியில் ஒரு பொட்டலம். டவுனுக்கு என்றாள், எதற்கு என்று சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் இடம் இருந்தும் போகாமல், பின்னால் பெற்றோல் தாங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் காக்காவின் முழங்கால், மறுபக்கம் புருசனின் முதுகு. கொட்டியாரக் குடா கண்ணாடியாகக் கிடந்தது. நடுக்குடாவில், இரண்டு கரையும் ஒரே தூரமாகத் தெரிகிற இடத்தில், இயந்திரம் ஒருமுறை இருமியது. பிறகு இரண்டு முறை. பிறகு நின்றது. நின்ற அமைதியில் டிக் டிக் டிக் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"அல்லாவே, தயிர் புளிச்சிரும் மகன்!" என்றாள் ஆமினா உம்மா, ஆறு சட்டிகளுக்கு நடுவிலிருந்து.

லாபிர் எழும்பவே இல்லை. ஒரு ரப்பர்க் குழாயை எடுத்து நீட்டினான். ஆயத்தமாக வைத்திருந்திருக்கிறான். "சரி மச்சான். கழட்டு. இதில பூட்டு. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்காங்க, வெக்கப்படாத."

ஸெய்னுதீன் எண்ணெய்க்கோலை உருவினான். முகர்ந்தான். பெற்றோல் மணக்கவில்லை. சுத்தமான எண்ணெய். ஆறு திருகாணிகளையும் கழற்றிப் பம்பைத் திறந்தான். மூன்று பட்டு வட்டமும் ஒரு கீறலுமில்லாமல் இருந்தன. ஆனால் பம்புக்குள் ஒரு துளி பெற்றோல் இல்லை, எலும்பாகக் காய்ந்து கிடந்தது. கிழிசல் இல்லை என்றால் பெற்றோல் வரவே இல்லை. அவன் பார்வை குழாய் வழியே பின்னால் போய்த் தாங்கிக்குப் போனது. தாங்கியைத் திறந்து மூடுகிற பூட்டுக்குழாயில் ஸல்ஹாவின் கை இருந்தது. குழாய் முழுவதும் மூடியிருந்தது.

"தாங்கி பலகையிலதானே அறைஞ்சிருக்கு?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒன்பது வருசமா ரெண்டு பேரும் அடிபடுறீங்க, இதை ஒருத்தரும் யோசிக்கல்ல."

"தங்கச்சி, கையை எடு, விளையாட்டில்ல," என்றான் லாபிர்.

"நீங்க அதை நிப்பாட்டினீங்களா காக்கா? டிக் டிக்கெண்டு அஞ்சு நாளா? என்ட வீட்டில என்ட புருசனுக்குச் சோறு இறங்கல்ல. அவரு சாப்பிடாம உருகுறத நான் பார்த்துக்கொண்டு இருக்கோணும். அவரு என்னண்டா," அவள் மற்றக் கையால் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தாள். "என்ட அலுமாரியில கள்ளன் மாதிரி."

கூறைச்சேலை விரிந்தது. காற்றில்லாததால் அது பறக்கவில்லை, அவள் முழங்காலிலிருந்து வழிந்து பலகைமேல் கிடந்தது. நடுவில் மூன்று ஓட்டை. ஸெய்னுதீன் அதைப் பார்க்காமல் இருக்கக் கடலைப் பார்த்தான். கடலும் அந்த நேரம் பார்க்கிற மாதிரி இல்லை.

"இது நான் கொண்டுவந்ததுதானே..." என்று தொடங்கினான்.

"ஓம். கொண்டுவந்தீங்க. சரி, தீர்ப்புச் சொல்லுங்க ரெண்டு பேரும். பள்ளிவாசல் ஆக்கள் இல்லாட்டிப் பரவாயில்ல, முப்பது சாட்சி இருக்கு. இந்தச் சேலை பலகையில சேர்த்தியா, இரும்பில சேர்த்தியா? சொல்லுமட்டும் இது திறக்காது."

லாபிரின் கையில் குழாய் நீட்டியபடியே இருந்தது. அவன் காலடியில் பம்பு காற்றைக் குடித்துக்கொண்டே இருந்தது. கரை இரண்டும் அசையாமல் நின்றன, லோஞ்சு மட்டும் தலையை மெல்ல மெல்லத் திருப்பி யாருக்கும் சொந்தமில்லாத பக்கமாகக் கிழக்கே பார்க்கத் தொடங்கியது. லோஞ்சின் விளிம்போரமாகக் கழற்றி வைத்திருந்த பம்பு மூடியின்மேல் பட்டு வட்டங்கள் வெயிலில் காய்ந்து ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. மேலே இருந்தது ஓரத்தில் சுருண்டு, சூடான இரும்பில் ஒரு விரல் தூரம் நகர்ந்தது. எட்டிப் பிடிக்க ஸெய்னுதீனுக்கு ஒரு நொடி போதும். அவன் கை நீட்டாமல் ஸல்ஹாவின் கையைப் பார்த்தான். பட்டு வட்டம் வழுக்கி, விளிம்பில் ஒருமுறை தொங்கி, தண்ணீரில் விழுந்தது. அமிழாமல், சிவப்பாய், ஒரு சாசர் அளவுக்கு மிதந்துகொண்டு நின்றது.