மூன்றாவது பாட்டில் ஏழு கிணுங்

எனக்கு இரைச்சல் ஆகாது. அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக ஷிப்டு முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவன், வீட்டில் இசைத்தட்டும் கரகரத்தால் கோபப்படாமல் என்ன செய்வான்? அதனால் எங்கள் பிளாக்கில் யார் தட்டுக் கொடுத்தாலும் துடைத்துச் சுத்தமாக்கி கேசட்டில் ஏற்றித் தருவேன். வேலுமணி ஏற்றினால் கொசு பறக்கிற சத்தம்கூட இருக்காது என்று நானே சொல்லிக்கொள்வதும் உண்டு.

எண்பத்து மூன்றில் எதிர் குவார்ட்டர்ஸ் ஜானகியம்மாள் ஒரு எல்.பி. இசைத்தட்டு கொண்டுவந்தார்.

“இதுல தம்புரா மீட்டுனது நான்தான் தம்பி. அட்டையில பேரு போடல. வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க. கேசட்டுல ஏத்திக் குடுங்க, மகளாவது கேக்கட்டும்.”

கூட வந்த கணவர் பரமசிவம் சிரித்தார். “எனக்குத் தெரிஞ்சு இவ புடிச்சது கரண்டிதான்!”

உண்மையைச் சொன்னால், நானும் பாதிதான் நம்பினேன். தம்புரா சுருதி யார் மீட்டினாலும் ஒன்றுபோலத்தானே கேட்கும்?

தட்டின் கோடுகளில் எல்லாம் புகைபோக்கிச் சாம்பல். சோப்புத் தண்ணீரில் கழுவி, கோடு போகிற போக்கிலேயே பஞ்சால் துடைத்தேன். கரகரப்பு அடங்கிவிட்டது. மூன்றாவது பாட்டில் மட்டும் ஏதோ ஒன்று ‘கிணுங்’ என்றது.

கீறல் என்றால் தட்டு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும், நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தடவை வரவேண்டும். கைக்கடிகாரமும் காகிதமுமாக உட்கார்ந்து குறித்தேன். இது இஷ்டத்துக்கு வந்தது, மொத்தம் ஏழே தடவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டில் ஒரு பழுதும் இல்லை. ஊசியை மாற்றினேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஒயரைப் பிரித்துப் பூட்டினேன். இரண்டு நாள் ஷிப்டிலும் அதே யோசனை. கடைசியில் பொறுமை போய், அந்த ஏழு இடத்திலும் ஒலியைச் சட்டென்று குறைத்து, கேசட்டில் ஏற்றிவிட்டேன்.

ஜானகியம்மாளை வரச்சொல்லிப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“என் வளையல் எங்க தம்பி?”

“வளையலா?”

“ரெக்கார்டிங்குல கழட்டச் சொன்னாங்க. நிச்சயம் பண்ணுன பொண்ணு, வெறுங்கையா இருக்கக்கூடாதுன்னு கைக்குட்டையால இறுக்கிக் கட்டிக்கிட்டேன். ரெண்டாவது சரணத்துல முடிச்சு அவுந்துபோச்சு.”

யாருக்கும் காட்டாத என் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘மூன்றாம் பாட்டு, இரண்டாம் சரணம், ஆரம்பம்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தத் தட்டில் அவர் இருந்த இடமே அந்த ஏழுதான். தேடித் தேடி அழித்திருக்கிறேன்.

“மன்னிச்சுக்கங்கக்கா. வேற ஏத்தித் தரேன்.”

மறுநாள் மதியம் புதுக் கேசட்டை அவர்கள் வீட்டில் போட்டேன். பரமசிவம் செருப்பு மாட்டிக்கொண்டு ஷிப்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். அவர் கையில் காகிதத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். முதல் கிணுங்குக்குக் காகிதத்தைப் பார்த்தார். மூன்றாவதற்கு மனைவியின் கையைப் பார்த்தார்.

“நிச்சயத்துக்கு எங்கம்மா போட்ட செவப்பு வளையலா?”

“பச்சை,” என்றார் ஜானகியம்மாள்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. பரமசிவம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

“மொதல்லேர்ந்து போடுப்பா.”