மேகத்துக்குப் பின்னால் செவ்வாய்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு 'வானத்தார்' என்று பெயர். இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். செவ்வாய்க் கிரகம் மாலையில் தெரியும் மாதங்களில் மட்டும் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். "ராக்கெட்ல ஏற வேண்டிய ஆளு, நம்மகூட வந்து கியர் போட்டுட்டு இருக்காரு" என்பார் நடத்துநர்.

பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடிக்குப் போவார். பின்னாலேயே மனைவி நோட்டோடு ஏறுவாள். கையை நீட்டி, பக்கத்து நட்சத்திரத்திலிருந்து செவ்வாய் எத்தனை விரல் தள்ளி நிற்கிறது என்று அவர் சொல்ல, அவள் எழுதுவாள். பகல் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவளுக்கு நிமிர்ந்து பார்க்கக் கிடைத்த நேரம் அது.

அன்று செவ்வாய்க்கிழமை. "இன்னைக்கு அவரோட நாளு, லேட்டா வர மாட்டாரு" என்று சிரித்தபடி கையை நீட்டினார். "அதோ, செக்கச்செவேல்னு. நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் ரெண்டு விரல். எழுதிக்கோ."

அவள் எழுதவில்லை. கிழக்கு வானம் முழுக்க மேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"எங்கங்க?"

"உனக்கென்ன, கண்ணு அவிஞ்சா போச்சு? அதோ!"

"மேகம் மூடிக் கிடக்குங்க."

நீட்டிய கை இறங்கியது. தண்ணீர்த் தொட்டிச் சுவரைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எங்க இருக்கும்னு காலையிலயே போன்ல பாத்து மனப்பாடம் பண்ணிடுவேன். ஆறு மாசமா இப்படித்தான். பொழுது மங்கினா ஒண்ணும் தெரியல. பகல்ல நேரா தெரியுது, ரெண்டு பக்கமும் குழாய்க்குள்ள பாக்கிற மாதிரி அடைச்சிருக்கு."

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா பஸ் ஓட்டுறீங்க?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை நானே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். நீ போய் மானத்தை வாங்கிடாதே."

அவள் நோட்டை மூடினாள். பிறகு "சரி" என்றாள்.

வியாழன் காலை, பள்ளி வாசல் திருப்பத்தில், இடப்பக்கமிருந்து சாலையைக் கடந்த ஓர் ஆசிரியை அவருடைய பேருந்தில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார். "பிரேக் பிடிக்கலை" என்று அவர் போலீசிடம் சொல்லிவிட்டார். முந்தின நாள் பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்த மெக்கானிக்கைப் போலீஸ் கூட்டிப்போனது.

வீட்டில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

"அந்த மெக்கானிக் என்னங்க பாவம் பண்ணாரு?"

"வாயை மூடு. செத்தவங்க திரும்பியா வரப்போறாங்க?"

திங்கட்கிழமை, தைக்கக் கொடுத்திருந்த துணியெல்லாம் அப்படியே கிடக்க, அவள் தனியாக விசாரணை அலுவலகத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்களுக்கு இது எப்பம்மா தெரியும்?" என்று அதிகாரி கேட்டார்.

"விபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும் சார். அப்பவே வாயைத் திறந்திருந்தா அந்தம்மா உயிரோட இருந்திருப்பாங்க. அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். மெக்கானிக் அன்று மாலையே வீடு திரும்பினார். கணவருக்கு மூன்று வருடம் சிறை என்று தீர்ப்பானது.

பார்வையாளர் நாளில் மூன்று முறை போனாள். மூன்று முறையும் அவர் வெளியே வர மறுத்துவிட்டார். நான்காவது முறை ஒரு காவலர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர், பக்கத்தில் வேறு யாரையோ பார்க்க வந்திருந்த பெண்ணை நோக்கி, "வந்துட்டியா?" என்றார்.

"இங்க இருக்கேங்க" என்றாள் அவள்.

குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பினார்.