அண்ணனின் முதல் ஸ்டீரியோ

திங்கட்கிழமை காலை ரேடியோ ரிப்பேர்க் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, சால்டரிங் அயர்ன் சூடேறும்வரை சும்மா உட்காருவானேன் என்று மெக்கானிக்கம்மா போனைத் திறந்தாள். குடும்ப குரூப்பில் அண்ணன் ஒரு கட்டுரை போட்டிருந்தான். தலைப்பு, ‘நான் வாங்கிய முதல் ஸ்டீரியோ’.

கடை கடையாக ஏறி இறங்கி அந்த செட்டைத் தேர்ந்தெடுத்தானாம். பெட்டியைப் பிரித்ததும் புது மரமும் தெர்மாகோலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதாம். வால்யூம் குமிழை முதல் தடவை திருப்பும்போது விரல் நடுங்கியதாம். பாடுகிறவள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவரின் முன்னால் வந்து நின்றாளாம். கீழே முப்பது பேருக்கு மேல் உருகித் தள்ளியிருந்தார்கள். “கண்ணு கலங்கிடுச்சு மாமா” என்று ஒரு மருமகன் வேறு.

மெக்கானிக்கம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. நடுங்கிய விரல் அவளுடையது. வாசனை பிடித்த மூக்கும் அவளுடையதுதான். பல்பு கம்பெனியில் ஷிப்ட் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து தூக்குச் சட்டி கொண்டுபோய், பஸ்ஸுக்குப் பதில் நடந்து, அவள் வாங்கிய செட்டு அது. வந்த அன்று வீட்டில் வாய் ஓயாமல் அவள் பேசியதைத்தான் இவன் வரி மாறாமல் எழுதியிருக்கிறான். செட்டை அடித்துக்கொண்டு போனது போதாதென்று, அவள் பேச்சையும் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். வயதில் மூத்தவனை ‘அவன் இவன்’ என்கிறோமே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இந்தக் கதையில் அவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

கல்யாணமாகி அண்ணன் தனிக்குடித்தனம் போன அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். திரும்பி வந்தால் மேஜை காலி. ஆம்ப்ளிஃபயரும் டேப் டெக்கும் இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை. அது பாடிய நாளெல்லாம் ஒரு பாட்டுக்குக்கூட எதிரே வந்து உட்காராதவன், கட்டில், பீரோவோடு சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டான். “புதுசா குடும்பம் நடத்தப் போறான், ஆசையா கேட்டான். நீயும் நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவதானே” என்றாள் அம்மா. அவள் ஒருத்தன் வீட்டுக்கும் போகவில்லை. வேறு செட்டும் வாங்கவில்லை. ரிப்பேர் தொழில் கற்றுக்கொண்டு, ஊரார் செட்டுக்கெல்லாம் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர்கூட வைக்காத பிடிவாதம் அது. யாருக்கும் அது உறைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மத்தியானம் அண்ணனே கூப்பிட்டான்.

“குட்டி, கட்டுரை படிச்சியா?”

“படிச்சேன்.”

“ஆபீஸ் குரூப்புலயும் போட்டேன். ஃபிரெண்ட்ஸெல்லாம் படிச்சிட்டு ஒரே தொல்லை, அந்த செட்டைக் கேட்டே ஆகணும்னு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன். டேப் மட்டும் சுத்த மாட்டேங்குது. நீ ஒரு எட்டு வந்து பார்த்துக் குடுத்துடேன்.”

ஐம்பத்து நாலு வயதில் குட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு, “வரேன்” என்றாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஏதாவது செய்யாமல் விடுவதில்லை என்று மட்டும் தெரியும். அத்தனை பேர் நடுவில் அந்தக் கட்டுரையை அவன் வாயாலேயே பொய் என்று சொல்ல வைக்க வேண்டும்.

சனிக்கிழமை போனாள். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், அண்ணி காபி கொண்டுவந்தாள். டெக்கின் ரப்பர் பெல்ட் பிசினாக உருகிப்போயிருந்தது. வழித்து எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினாள். பிறகு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இடது ஸ்பீக்கர் வயர் தலைகீழாக மாட்டியிருந்தது. சிவப்புக் கோடு போட்ட வயர் சிவப்புத் திருகில் போக வேண்டும், அது கறுப்பில் கிடந்தது. திருகின் மேல் பச்சை பூத்து, ஒட்டடை கட்டி, மாட்டிய நாளிலிருந்து ஒரு கையும் படாமல் இருந்தது.

வயர் மாறினால் செட்டு பாடாமல் இருக்காது, பாடும். ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். ஒரே கட்டிலைத் தூக்கிய இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நடக்கிற மாதிரி. அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடுகிறவள் நடுவில் நிற்கவே மாட்டாள், அறை முழுக்கச் சிதறிக் கிடப்பாள். கட்டுரையில் வந்து நின்றாளே, அவள் இந்த வீட்டில் ஒரு நாளும் வந்து நிற்கவில்லை.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் வந்த கோபம் பழைய கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. பாவி, எடுத்துக்கொண்டு போனவன் அதைக் கேட்கவாவது கேட்டிருக்கக் கூடாதா?

வயரைத் தொடாமல் கேசட்டைப் போட்டாள். அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினான். “அச்சு அசல் பழைய சத்தம். கைராசிக்காரி நீ.”

“நாளைக்கு நானும் வரேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஒரு நண்பரின் மைத்துனர், முப்பத்தைந்து வருடம் தியேட்டரில் படம் ஓட்டியவர், எல்லோருக்கும் ஆபரேட்டர் சார். அண்ணன் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தபோது மெக்கானிக்கம்மா ஹாலுக்குள் போய், பச்சையைச் சுரண்டி, இடது வயரைச் சரியாக மாட்டினாள். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் வாயெல்லாம் பல்லாகக் கேசட்டைத் தட்டிவிட்டான். முதல் வரி முடிவதற்குள் அவன் முகம் தொங்கிப்போனது.

“இது என்ன இப்படிக் கத்துது? நேத்து நல்லா இருந்துச்சே. குட்டி, நீ என்னத்த நோண்டினே?”

“நல்லாத்தானே சார் இருக்கு” என்றார் ஆபரேட்டர். “பாடுற அம்மா நடுவுல வந்து நிக்குறாங்க பாருங்க, நீங்க எழுதின மாதிரியே.”

“உங்களுக்குத் தெரியாது சார். என் செட்டு பாடுறது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் கேட்ட காது. பழையபடி பண்ணிக் குடு குட்டி.”

இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். குனிந்து வயரைத் தலைகீழாக மாட்டினாள். பாட்டு பொக்கென்று போனது.

அண்ணன் கண்ணை மூடினான். “ஆங். இதுதான். இதுதான் என் செட்டு.”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் தொண்டையைச் செருமினார். “சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு வயர் மாறிக் கிடக்கு. பாட்டே செத்துப்போச்சு.”

“ஆமா சார்” என்றாள் மெக்கானிக்கம்மா, குரலை உயர்த்தாமல். “இவரு மாட்டின அன்னிலேர்ந்து இப்படித்தான் கிடக்கு. இதை வாங்கினது நான். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்துல வண்டியில ஏத்திட்டு வந்துட்டாரு. அந்தக் கட்டுரையில இருக்குற சத்தத்தை இவரு கேட்டதே இல்ல. கேட்டிருந்தா இப்போ அடையாளம் தெரிஞ்சிருக்கும்.”

அண்ணன் காலி காபி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தான். ஆபரேட்டர் எழுந்து வயரைச் சரிசெய்யப் போனார். “விடுங்க சார், அவரு கேட்டபடியே இருக்கட்டும்” என்று தடுத்துவிட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

புதன்கிழமை போன் வந்தது. குரலில் பாதி இறங்கியிருந்தது.

“குட்டி, பாட்டே கேக்க முடியல. எதைப் போட்டாலும் நடுவுல யாரும் இல்லாத மாதிரியே இருக்கு. முன்னாடி இப்படித் தெரியல.”

“இப்போ தெரியுதுல்ல.”

“நானே வயரை மாத்திப் பார்த்தேன். அப்பவும் அப்படியேதான் இருக்கு.”

“எத்தனை பக்கம் மாத்தினே?”

“ரெண்டு பக்கமும்தான். எதுக்கு வம்புன்னு.”

இரண்டையும் மாற்றினால் பழைய கோளாறு இடம் மாறி உட்காருமே தவிர எங்கே போகும்? ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு அரிக்கவில்லை. “சொல்லித் தரேன். மொதல்ல குரூப்புல எழுதினதை மாத்து” என்று வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் வந்தது. ‘இந்த ஸ்டீரியோவை முதலில் வாங்கியவர் என் தங்கை. பிற்பாடு அது என்னிடம் வந்து சேர்ந்தது.’

திரும்ப அவளே கூப்பிட்டாள். “வந்து சேர்ந்துச்சா? அதுக்குக் கால் முளைச்சிருந்துச்சா என்ன?”

கடை சாத்துகிற நேரத்துக்கு இன்னொன்று வந்தது. ‘என் தங்கை உழைத்து வாங்கிய ஸ்டீரியோவை, அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அவளைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்டு போனேன். கட்டுரையில் இருப்பது அவள் அன்று சொன்ன வார்த்தைகள்.’ கீழே யாரும் இதயம் போடவில்லை.

அவள் இரண்டு தடவை படித்தாள். மனசு குளிர்ந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிறகு போன் போட்டு, “ஒரு பக்கம் மட்டும் மாத்து” என்றாள்.

அவன் போனை வைக்காமலே போனான். எதையோ நகர்த்துகிற சத்தம், திருகாணி கீழே விழுகிற சத்தம், ‘டார்ச் வேணுமா’ என்று அண்ணி கேட்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் பாட்டு. அது முழுதாக முடியும்வரை இருவரும் கேட்டார்கள்.

“குட்டி,” என்றான் கடைசியில். “இப்படியா இருக்கும் இது? நீ இதை எத்தனை நாள் கேட்டிருப்பே?”

“எட்டு மாசம் பதினோரு நாள்.”

“நாளைக்கே கொண்டாந்து உன் வீட்ல வெச்சிடறேன்.”

“வேணாம். நீயே வெச்சுக்கோ. தினமும் போட்டுக் கேளு.”