தண்ணீர் கொடுத்தவள்

இடது கன்னத்தை மழித்து முடித்து, அல்வினா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் படுக்கையில் கிடந்த அவள் கணவர் ஹார்லன் அந்தப் பெயரைச் சொன்னார்.

"ஓபலைக் கூப்பிடு."

"எந்த ஓபல்?" என்று கேட்டாள். ஊரில் ஒரே ஒரு ஓபல்தான் இருந்தாள்.

அவருடைய வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. காலையில் வந்த டாக்டர், சாயங்காலம் தாண்டாது என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அல்வினா மிச்சக் கன்னத்தையும் மழித்தாள்.

ஓபலைப் பார்க்காமல் அந்த ஊரில் யாரும் வரி கட்ட முடியாது. வரி கட்டும் கோர்ட்டுக் கட்டடத்தின் உள்சுவர் முழுக்க ஹார்லன் வரைந்த கதிரடிப்புக் காட்சி. நடுவில், வைக்கோல் வண்டிமேல் நிற்பவனுக்குத் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக் கொடுக்கும் பெண்தான் ஓபல். ஓபல் அப்போது வெண்ணெய் ஆலையில் வேலை பார்த்தாள். சுவரைத் திறந்துவைத்த அன்று அயோவா மாநிலமே கூடி வந்து திட்டியதுபோல் இருந்தது. குதிரைச் சேணம் தப்பு என்றார்கள், பன்றிகள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கின்றன என்றார்கள். ஜாடியைத் தூக்கிய அந்தக் கையை மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை. பிறகு சிகாகோவிலிருந்து ஆட்கள் வந்து போட்டோ பிடித்துப் பத்திரிகையில் போட்டார்கள். திட்டிய வாய்களே 'எங்க சுவர்' என்று சொல்ல ஆரம்பித்தன.

சுவரில் பூசியது முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த சாயம். கோழிகள் அல்வினாவுடையவை. அந்த வருஷம் வீட்டில் வெள்ளைக் கருதான் சாப்பாடு. ஓபலின் தோளில் அந்த மினுமினுப்பு தன் கோழிகள் போட்டது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

"என்னையும் ஒருதடவை வரையேன்" என்று அப்போது கேட்டிருந்தாள்.

"நீ எங்க ஒரு இடத்துல நிக்கிற?" என்று ஹார்லன் சிரித்தார். பிறகு சுவரின் ஓரத்தில் துணி காயப்போடும் ஒருத்தியைச் சேர்த்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

அவருக்கும் ஓபலுக்கும் இடையே என்ன இருந்தது என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்றுமில்லாமலேயே ஒரு மனிதன் இன்னொருத்தியை அப்படிப் பார்த்திருக்கிறான்.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு டெலிபோனை எடுத்தாள்.

"ஓபல் ஸ்ட்ரௌட் வீட்டுக்கா? நெசமாத்தான் கேக்குறியா அல்வினா?" என்றாள் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஹேஸல்.

"லைனைக் குடு ஹேஸல். ஒட்டுக் கேக்கணும்னா கேட்டுக்கோ. முதல்ல லைனைக் குடு."

ஓபல் வந்தபோது பூட்ஸ் நிறையப் பனிச்சேறு. உடம்பு பெருத்து, தலை நரைத்திருந்தது. துணி மூடிய ஒரு பாத்திரத்தை நீட்டினாள். யார் வீட்டில் சாவு என்றாலும் இந்த ஊரில் கொண்டுபோகும் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும்தான். கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது.

"வாங்க மிஸஸ் ஸ்ட்ரௌட்."

"எதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரியலீங்க. ரோட்டுல பாத்தா தொப்பியைத் தொடுவாரு, அவ்வளவுதான்."

"எனக்கும் தெரியல. நீங்களே கேளுங்க."

ஹார்லன் ஓபலை வெகுநேரம் பார்த்தார்.

"தூக்கு" என்றார்.

ஓபல் திரும்பி அல்வினாவைப் பார்த்தாள்.

"ஜாடியைச் சொல்றாரு" என்றாள் அல்வினா.

ஓபல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வலது கையைத் தூக்கினாள். சட்டைக் கை சரிந்தது. மேற்கையில் சதை தொங்கியது. ஹார்லன் ஒரு கண்ணைச் சுருக்கினார். போர்வைமேல் கிடந்த விரல்கள் அசைந்தன.

"இன்னும் கொஞ்சம் மேல."

அல்வினா கதவருகிலேயே நின்றாள். இரண்டு மாதமாகக் கஞ்சியும் மருந்தும் ஊட்டியபோதெல்லாம் அந்தக் கண்கள் கலங்கிய குட்டை மாதிரி இருந்தன. இப்போது தெளிந்திருந்தன. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கிவிடலாமா என்று நினைத்தாள்.

ஓபலின் கை ஆட ஆரம்பித்தது. "இறக்கட்டுங்களா?" என்று முணுமுணுத்தாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். அல்வினா நடந்துபோய் ஓபலின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினாள். கை சூடாக, வேர்த்து, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அங்கே நின்று ஹார்லனின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு விரற்கடை தன் பக்கம் நகர்ந்தால் போதும். காத்திருந்தாள். நகரவில்லை. முதலில் விரல்கள் நின்றன. பிறகு மூச்சு நின்றது.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"கையை இறக்கிடு, ஓபல்" என்றாள் அல்வினா.

ஹார்லனின் கண்களை மூடிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டாள். ஓபல் சத்தமில்லாமல் அழுதுகொண்டே கோட்டை எடுத்தாள். வலது கை மரத்துப்போயிருந்தது. கோட்டுக்குள் நுழைய மறுத்தது. அல்வினா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை வாங்கி, அந்தக் கையைப் பிடித்து உள்ளே விட்டு, மறுமுனையில் விரல்கள் வெளிவரும்வரை தள்ளினாள். முன்னால் வந்து நின்று பட்டன்களைப் போட்டாள், கீழிருந்து கழுத்துவரை, ஒன்றையும் விடாமல்.