அமுதவல்லியின் பதினேழாவது பயணம்

அமுதவல்லி என்பது எங்கள் எருமையின் பெயர். நாங்கள் எழுதிய கதையில் வரும் விண்கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். யார் அதட்டினாலும் மிரளாத ஜீவன் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கூடச் சேர்ந்து எழுதிய என் தோழி ஷாஹிஸ்தா ஒரு வாரம் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

அப்போது நாங்கள் புதுச்சத்திரத்தில் பத்தாம் வகுப்பு. எங்கள் அப்பா ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்கு போர் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் அமுதவல்லிக்கும் அதே தொழில். தண்ணீர் இல்லாத கிரகங்களுக்குப் போய் போர் போடும். இருநூறு பக்க நோட்டில் அதன் சரித்திரத்தை ஆளுக்கு ஒரு பயணமாக மாற்றி மாற்றி எழுதினோம். மூன்றாம் பயணத்தில் செந்தூளி என்ற கிரகத்தில் தொள்ளாயிரம் அடி இறக்கியும் புழுதிதான் வந்தது. ஒன்பதாவதில், காவிரிக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரிலேயே ஒரு கிரகம். அங்கே ஆறு ஓடியதால் வேலை கிடைக்காமல் திரும்பியது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எதையும் செய்ததில்லை.

முதல் பக்கத்தில் இருந்த விதி ஷாஹிஸ்தாவுடையது. அவள் அத்தா மொய்தீன் பஸ் நிறுத்தத்தில் எலுமிச்சம்பழம் விற்றார். லாரிக்காரர்கள் சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்ப அவரிடம்தான் வாங்குவார்கள். அந்தப் பெருமையில், நாலு சக்கரத்துக்கடியிலும் நாலு பழம் வைக்காமல் அமுதவல்லி கிளம்பாது என்று எழுதிவிட்டாள்.

"விண்கப்பலுக்கு எதுக்குடி சக்கரம்?" என்றேன்.

"சக்கரம் இல்லீனா பழத்த எங்க வைக்கறது?"

பதினொன்றாம் வகுப்பின் நடுவில் அவர்கள் குடும்பம் சேலத்துக்குக் குடிபெயர்ந்தது. வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு எனக்குக் கடைசியாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்றைக்கே பதினேழாவது பயணத்தை எழுதினேன். அமுதவல்லி நேராகப் போய்ச் சூரியனில் விழுந்து வெடித்தது, ஒருவரும் பிழைக்கவில்லை, முற்றும். நோட்டை அவள் மடியில் எறிந்துவிட்டு வந்தேன். மறுநாள் வழியனுப்பக்கூடப் போகவில்லை.

இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. அப்பாவுக்குப் பிறகு ரிக் தொழில் என் கைக்கு வந்தது. போன வாரம் புது வண்டி எடுத்தோம், வெள்ளிக்கிழமை பூஜை. மொய்தீன் மாமா தவறிவிட்டார், சேலம் மார்க்கெட்டில் அவர் கடையை மகள்தான் பார்க்கிறாள் என்று டிரைவர் சண்முகவேல் சொன்னார். பூஜைக்கு வேண்டிய நாலு எலுமிச்சம்பழம் புதுச்சத்திரத்திலேயே கிடைக்கும். நான் சேலத்துக்கு பஸ் ஏறினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு வேலை எதுவும் எனக்கு அங்கே இல்லை.

மூட்டைகளுக்கு நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புது ரிக்குக்கு நாலு பழம் கேட்டேன். நிமிர்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"மது" என்று என் பெயரைச் சொன்னாள்.

"அமுதவல்லிய நான் வெடிக்க வெச்சிருக்கக் கூடாது ஷாஹி. இத்தன வருசமா எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அது எங்கடி வெடிச்சுது?" என்றாள். "நீ எலுமிச்சம்பழமே எழுதல. பழம் வைக்காத கப்பல் எப்படிக் கெளம்பும்? நின்ன எடத்துலயேதான் நிக்குது. அன்னைக்கு பஸ்ஸுல ஒக்காந்து படிச்சப்பவே பாத்துட்டேன். உங்கிட்ட சொல்லோணும்னு பஸ் கெளம்பற வரைக்கும் சன்னல்ல தேடுனேன். நீதான் வரல."

எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் இரண்டே நிமிஷம். அன்றைக்கு நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷாஹிஸ்தா பழங்களைப் பையில் போட்டு நீட்டினாள். எட்டு இருந்தது.

"நாலு உன்ற ரிக்குக்கு. நாலு அமுதவல்லிக்கு. நோட்டு ஊட்டுலதான் இருக்குது, பதினேழ நீயே ஒழுங்கா எழுது."

நான் அங்கிருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன். ஓட்டல்காரர் ஒருவர் வந்து அரை மூட்டை பழம் கேட்டார். ஷாஹிஸ்தா அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.