தன் சாவுக்குத் தானே முத்திரை வைத்த பிரபு மாத்கோ

1.
அறையில் இருந்தவர்கள்: கட்டிலில், மூன்று தலையணைமேல் சாய்ந்தபடி, பிரபு மாத்கோ. கால்மாட்டில் அவர் மனைவி மார்கெத்தா. ஜன்னலோரம், இருந்ததிலேயே நல்ல நாற்காலியில், பக்கத்துக் கோட்டைப் பிரபு பெர்வான். கதவருகே முக்காலியில் எழுத்தராகிய நான். ராஜாவுக்கு அன்று நான் எழுதிய ஒரு கடிதத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது, ஒளிப்பானேன்?

2.
‘இருநூறு ஆண்டு ஒளிர்ந்த வம்சத்தின் கடைசிச் சூரியன்—’

வேண்டாம். சூரியன் அப்போது முட்டைகோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தது. (வரியை அப்படியே விட்டிருக்கிறேன். தோல்தாளைச் சுரண்டினால் ஓட்டை விழும்.)

3.
இரு வீட்டுத் தந்தையரும் செய்த ஒப்பந்தம்: ஒரு வம்சம் வாரிசில்லாமல் முடிந்தால் அதன் நிலம் மற்றதற்கு, விதவைக்குக் கன்னியர் மடம். மாத்கோவுக்குப் பிள்ளையில்லை. வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் மரணச் செய்தியை அனுப்பிவிடத் துடித்தார் பெர்வான்.

“நான் இன்னும் சாகலியேப்பா,” என்றார் மாத்கோ.

“கடுதாசி போய்ச் சேர பதினஞ்சு நாள் ஆகும்ண்ணே. அதுக்குள்ள ஆயிடும்.”

“நான் எங்க போறது?” என்றார் மார்கெத்தா.

“மடத்துல சொல்லி வெச்சாச்சு அண்ணி. நல்ல காத்தோட்டமான அறை.”

“காத்தோட்டம்னா? கூரை கிடையாதா?”

(பெர்வானை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். வரும் வழியில் ஒரு நாய்க்குட்டியைக் கொஞ்சினார் என்று சேர்த்துப் பார்த்தேன். அவர் கொஞ்சவில்லை. எடுத்துவிட்டேன்.)

4.
‘பிரபு மாத்கோ நேற்று வாரிசின்றி இறைவனடி சேர்ந்தார்’ என்று பெர்வான் சொல்லச் சொல்ல எழுதினேன். முத்திரை மோதிரமோ மாத்கோவின் வீங்கிய விரலில். பன்றிக்கொழுப்பு தடவியும் கழலவில்லை.

“அப்ப கையையே கொண்டாங்க,” என்றார் பெர்வான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வம்சத்தின் கடைசி ஆள் இறந்தால், உடல் குளிருமுன் மோதிரத்தை உடைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆக, அந்த மோதிரம் பதிந்த மரணக் கடிதம் ஆள் உயிரோடிருந்தபோதே அனுப்பிய பொய். பொய்ச்சாவு சொன்னவனுக்கு ஒப்பந்தம் செல்லாது. நிலம் விதவைக்கு ஆயுள்வரை. அரசவை எழுத்தர்களுக்கு இது மனப்பாடம். பெர்வானின் வம்சத்தில் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அவரிடம் சொல்லாமல் மெழுகை உருக்கத் தொடங்கினேன். மாத்கோ என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

5.
இந்தக் கதைக்கு முடிவுகள் இரண்டு. ஒன்று: அரசவை எழுத்தர் மெழுகைக் கவனிக்கிறார். இரண்டு: சாப்பாட்டு நேரம், கவனிக்கவில்லை, மார்கெத்தா மடத்துக்கு— முடிக்க மனமில்லை. அரசவை எழுத்தரின் மேசையில் நீங்களே உட்காருங்கள். கடிதத்தைப் பிரிக்குமுன் மெழுகைப் பாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

6.
“மெழுக ஊத்துய்யா,” என்றார் மாத்கோ. “நான் செத்ததுக்கு என்னைவிட நல்ல சாட்சி யாரு?”

அழுத்திப் பதித்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

“ரொம்ப நன்றிண்ணே,” என்றார் பெர்வான்.

“இருக்கட்டும்ப்பா. நீ உடம்பப் பாத்துக்க.”

கீழே குதிரை கிளம்பியது.